அம்மா சென்னையில், நான் பெங்களூரில்: உயிர்வாழ் சான்றிதழை ஃபோனிலேயே முடிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. அப்பா மத்திய பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் இறந்தபின் அம்மா வங்கி மூலம் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். வருடா வருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க ஆட்டோ பிடித்து வங்கிக்கு அழைத்துப் போவோம். போன வருடம் கைரேகை மெஷினில் விழவே இல்லை. இந்த வருடம் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். எல்லாம் ஆன்லைனில் முடியும் என்கிறார்களே, நான் பெங்களூரிலிருந்தே செய்துவிட முடியுமா? பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பியும் (44 வயது) அம்மாவுடன்தான் இருக்கிறான். அவனுக்காகவும் ஏதாவது பதிவு செய்து வைக்க வேண்டுமா?

பதில்: அம்மா வங்கிக்குப் போக வேண்டியதில்லை, கைரேகையும் வேண்டாம். ஆனால் நீங்கள் பெங்களூரில் இருந்தபடி செய்ய முடியாது. ஃபோன் கேமரா அம்மாவின் முகத்தை நேரில் பார்த்தாக வேண்டும், வீடியோ காலில் தெரியும் முகமோ பழைய புகைப்படமோ செல்லாது, கண்ணைச் சிமிட்டச் சொல்வதே அதற்காகத்தான். அப்புறம், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருக்கும் தம்பி விஷயம்தான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. சான்றிதழ் ஒரு வருடம் தாமதமானால்கூட நின்ற பணம் நிலுவையோடு வந்துவிடும். தம்பிக்கான ஏற்பாட்டை அம்மா இருக்கும்போதே செய்யாமல் விட்டால், பின்னால் அலைவது நீங்கள்தான்.

சரி, சான்றிதழை முதலில் முடித்துவிடுவோம். டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழான ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. தொடக்கத்தில் கைரேகை அல்லது கண் கருவிழி மெஷின் தேவைப்பட்டது, 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டினாலே போதும். ஆண்ட்ராய்டு ஃபோனில் இரண்டு செயலிகள் வேண்டும்: ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் ஃபேஸ் ஆப். இரண்டையும் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது ஏபிகே ஃபைல் அனுப்பி "இதைப் போட்டால் லைஃப் சர்டிபிகேட் தானாகப் போய்விடும்" என்றால் தொடவே தொடாதீர்கள்.

ஃபோன் அம்மாவுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் ஃபோனிலும் செய்யலாம். செயலி முதலில் ஃபோனை இயக்குபவரை ஆபரேட்டராகப் பதிவு செய்யச் சொல்லும், அதற்கு அவருடைய ஆதார் எண்ணும் முகமும் கேட்கும். இங்கேதான் நிறையப் பேர் குழம்பி, அம்மாவுக்கான இடத்தில் தன் முகம் ஏன் என்று பாதியிலேயே மூடிவிடுகிறார்கள். ஆபரேட்டர் பதிவு அந்த ஃபோனில் ஒரு தடவைதான், அதற்குப் பிறகுதான் அம்மாவின் விவரம் வரும்.

அம்மாவுக்காக நிரப்புவதை அவசரப்படாமல் செய்யுங்கள், சான்றிதழ் திரும்பி வருவது பெரும்பாலும் முகத்தால் இல்லை, இந்தப் பக்கத்தால்தான். ஓய்வூதிய வகையில் 'குடும்ப ஓய்வூதியம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பழக்கதோஷத்தில் பலர் 'சர்வீஸ்' என்று அழுத்திவிடுகிறார்கள். பிபிஓ எண்ணை, அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணையின் எண்ணை, அசல் ஆணையைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அடியுங்கள். கணக்கு எண், ஓய்வூதியம் இப்போது வரவாகும் கணக்காக இருக்க வேண்டும். மறுமணம் ஆகிவிட்டதா, மறுபடி வேலையில் சேர்ந்தாரா என்ற கேள்விகள் வரும். அங்கே தவறுதலாக 'ஆம்' விழுந்தால் டிஜிட்டல் வழியே அடைபட்டுவிடும், தாளில்தான் கொடுக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பணம் வழங்கும் வங்கியின் பெயர். ஓய்வூதியர் சங்கத்தில் நவம்பர் மாதம் முழுக்க இதே வேலையாக உட்கார்ந்திருப்பவன் நான். ஒரு பெரியவருக்கு என் கையாலேயே சான்றிதழ் போட்டேன், சான்றிதழ் உருவானதும் குறுஞ்செய்தியில் வரும் பிரமாண் எண்ணும் வந்துவிட்டது, ஆனால் டிசம்பர் ஓய்வூதியம் வரவில்லை. அவருடைய வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்து வருடங்கள் ஆகியிருந்தும் பாஸ்புக் அட்டையில் பழைய பெயர் இருந்தது, நான் அதைப் பார்த்தே பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டேன். கிளையில் கேட்டால் "உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை" என்கிறார்கள், அவர் குறுஞ்செய்தியைக் காட்டி "போட்டாச்சே" என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். மறுபடி போட்டுச் சரிசெய்தோம், ஆனால் மருந்துக்கு அந்தப் பணத்தையே நம்பியிருந்தவருக்கு அந்த மாதம் மிகக் கஷ்டமாகப் போனது. அதற்குப் பிறகு நான் பாஸ்புக்கை நம்புவதில்லை, சமீபத்திய ஸ்டேட்மென்ட் கேட்கிறேன்.

ஆகவே பிரமாண் எண் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள், சான்றிதழ் உருவானது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம். வங்கி அதை ஏற்றதா என்று ஜீவன் பிரமாண் தளத்தில் பாருங்கள், பிடிஎஃப் இறக்கி வையுங்கள், ஒரு வாரம் கழித்து வங்கிக்கு ஒரு ஃபோன் போட்டு உறுதி செய்யுங்கள். இந்தப் பகுதியை நீங்கள் பெங்களூரிலிருந்தே செய்யலாம்.

படுத்திருப்பவருக்கு முகம் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மேலிருந்து கேமராவைக் காட்டினால் நிழல் விழுந்து ஏற்காது. தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி திருப்பி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பின்னால் வெள்ளைத் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நாலைந்து தடவை தோற்றாலும் கவலைப்படாதீர்கள், வயதானவர்கள் சிமிட்டுவது மெதுவாக இருப்பதால் செயலி பிடிக்கச் சில முறை ஆகும். ஆதாரில் இருக்கும் புகைப்படம் மிகப் பழையதென்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியும் முடியவில்லை என்றால் தபால்காரர் இருக்கிறார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பார்கள், கட்டணம் 70 ரூபாய். உங்கள் பகுதி தபால் நிலையத்தில் சொல்லி வைத்தால் போதும். நேரடியாகச் சொல்கிறேன், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஃபோன் பழக்கம் குறைவு என்றால் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள், வீணாக ஒரு நாள் போராட வேண்டாம்.

நவம்பர் வரை காத்திருக்கவும் தேவையில்லை. 80 வயது தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், அது அடுத்த வருடம் நவம்பர் 30 வரை செல்லும்.

82 வயது என்று எழுதியிருக்கிறீர்களே, 80 முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும், குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கும் இது உண்டு. அம்மாவுக்கு வருகிறதா என்று பார்த்தீர்களா? பழைய பிபிஓக்கள் பலவற்றில் கணவரின் பிறந்த தேதி இருக்கும், மனைவியின் தேதி இருக்காது. தேதி இல்லையென்றால் கணினிக்கு அவர் 80 ஆனது தெரியாது, தானாக ஏறாது. அடிப்படைத் தொகை குறைந்தபட்சமான 9,000 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 1,800, அதன் மேல் அகவிலைப்படி வேறு, இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கியில் ஓய்வூதியச் சீட்டு வாங்கி, 'கூடுதல் ஓய்வூதியம்' என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பான் கார்டு, வாக்காளர் அட்டை போன்ற வயதுச் சான்றோடு கிளையில் எழுதிக் கொடுங்கள், 80 முடிந்த மாதத்திலிருந்து நிலுவையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால் மத்திய அரசின் ஓய்வூதியர் குறைதீர் தளமான சிபென்கிராம்ஸில் (CPENGRAMS) புகார் போடலாம், அதை வீட்டிலிருந்தே செய்யலாம், புகார் எண் வைத்து எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம்.

இப்போது தம்பி. சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி அம்மாவின் காலத்துக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சாதாரணப் பிள்ளைகளுக்கான 25 வயது வரம்பு அவருக்குக் கிடையாது. அவருடைய சொந்த வருமானம் வழக்கமான குடும்ப ஓய்வூதியத் தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது 2021 பிப்ரவரியில் வந்த தளர்வு, அதற்கு முன் வருமான வரம்பு மிகக் குறைவாக இருந்தது. "முன்பே கேட்டோம், இல்லை என்றுவிட்டார்கள்" என்று விட்டிருந்தால் மறுபடி கேளுங்கள்.

இதற்கு ஆன்லைனில் பட்டன் ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டம். ஆன்லைனில் நடக்கும் பாதி யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை: ஸ்வாவ்லம்பன் தளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர்கள் பரிசோதித்து சதவீதம் போட்டுத் தருவார்கள். பழைய தேசிய அடையாள அட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் இதை உடனே தொடங்குங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவுவார்கள். மீதிப் பாதி தாளில். அப்பா கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு அம்மா கையெழுத்திட்டு, மகனின் பெயரைப் பிபிஓவில் சேர்க்கும்படி, குறைபாட்டுச் சான்றின் நகலோடு எழுத வேண்டும். அங்கிருந்து கணக்கு அலுவலகம் வழியாக வங்கிக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். தம்பியின் சார்பில் பணத்தை வாங்கப்போகும் காப்பாளர் யார் என்பதையும் அம்மாவே இப்போது எழுதிக் கொடுத்துவிடலாம். அது இல்லாவிட்டால் பின்னால், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலான குழுவிடமோ நீதிமன்றத்திடமோ காப்பாளர் சான்று வாங்க வேண்டிவரும். அம்மா தெளிவாக இருக்கிறார், கையெழுத்துப் போட முடிகிறது, அதை நழுவவிடாதீர்கள்.

தம்பிக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்று எழுதவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். இல்லையென்றால் அதே மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, அம்மாவின் ஆதாரிலும் வங்கியிலும் எந்த மொபைல் எண் இருக்கிறது? அப்பாவின் பழைய எண்ணாக இருந்து, அது எப்போதோ நின்றுபோயிருக்கலாம். வங்கியில் உங்கள் எண்ணை மாற்றிக் கொடுங்கள், கணக்கில் என்ன நடந்தாலும் பெங்களூரில் உங்களுக்குத் தெரியும். ஆதாரில் மாற்ற அம்மாவின் கைரேகையோ கருவிழியோ முகமோ வேண்டும், வீட்டுக்கு வரும் தபால்காரரிடமே அதையும் கேட்டுப் பாருங்கள். ஓய்வூதிய அலுவலகம் என்று சொல்லி யாராவது அழைத்து பிபிஓ எண்ணும் ஓடிபியும் கேட்டால் அம்மாவும் தம்பியும் சொல்லிவிடாமல் இருக்க, ஃபோன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும், அந்த எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள்.

அக்டோபரில் இரண்டு நாள் லீவு எடுத்து வாருங்கள். முதல் நாள் காலை முகப்பதிவு, மதியம் வங்கியில் ஓய்வூதியச் சீட்டு. இரண்டாம் நாள் தம்பியின் விண்ணப்பத்தில் அம்மாவின் கையெழுத்தை வாங்கி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதை பிபிஓ ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.