டி.சி.யில் ‘சிவப்பு மை’ விழுந்தால் பொறியியல் இடம் போய்விடுமா?

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். வேதியியல் ஆசிரியை பாடம் நடத்துவதைக் கைப்பேசியில் படம் பிடித்து, கேலி வாசகத்துடன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். கண்டித்தபோது எதிர்த்தும் பேசியிருக்கிறான். ஒரு வாரம் வகுப்புக்குள் விடாமல் வைத்து, மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கிவிட்டார்கள். டி.சி.யில் (மாற்றுச் சான்றிதழில்) சிவப்பு மையில் எழுதிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார். அவனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா?
- ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது; அதில் நடத்தைக்கு இடமே இல்லை. ஆனால், வேதியியலின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20 போக, மீதி 10 அகமதிப்பீடாகப் பள்ளியின் கையில் இருக்கிறது. வருகைப்பதிவும் அதில் சேரும். எனவே, அந்த ஒரு வாரம் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியே வெளியே நிறுத்திய நாட்களை மாணவன் தானாக எடுத்த விடுப்பாகக் கணக்கிடுவதை எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம்.

உங்களை அச்சுறுத்தும் அந்த வரி, மாற்றுச் சான்றிதழில் ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்ற கலத்தில் வருவது. ஆசிரியர்களிடம் தவறாக நடக்கும் மாணவர்கள் நீக்கப்படுவார்கள் என்றும், காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிக்கப்படும் என்றும் 2022 மே மாதம் பள்ளிக்கல்வித்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததால், இந்த மிரட்டலை வெறும் பேச்சு என்று நான் தள்ளிவிட மாட்டேன். கலந்தாய்வில் ஒதுக்கீடு பெற்ற இடத்தை ஒரு குறிப்பு பறித்துவிடுவது அரிது. ஆனால், நிர்வாக ஒதுக்கீட்டில் தாமே சேர்க்கும் கல்லூரிகள் நன்னடத்தைச் சான்றிதழைப் பார்த்துத் தயங்கக்கூடும். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியை முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்னும் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு பிளஸ் டூ மாணவனுக்குப் பொருந்தாது. அது பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் மகனுக்குத் துணை நிற்பது இயற்கை நீதிக் கோட்பாடு: குற்றச்சாட்டைத் தெரிவித்து, அவன் தரப்பைக் கேட்டு, பின்னரே அவன் எதிர்காலத்தைப் பாதிக்கும் குறிப்பை எழுத வேண்டும். அவ்வாறு விசாரிக்காமல் எழுதினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் முறையிட்டு, பலனில்லையெனில் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம்.

ஆனால், வழக்கு உங்கள் முதல் படியாக இருக்கக் கூடாது. வகுப்பறையில் ஒரு ஆசிரியையைக் கேலிப்பொருளாக்கியது உண்மையான தவறு. அவர் மனம் புண்பட்டிருக்கும் என்பதை உங்கள் மகன் உணர வேண்டும். படத்தைக் குழுவிலிருந்து அழிக்கச் செய்து, அவனை அழைத்துச்சென்று அந்த ஆசிரியையிடம் நேரில் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அதன்பின் தலைமையாசிரியரிடம், நடந்ததையும் மன்னிப்புக் கேட்டதையும் குறிப்பிட்டு, எதிர்க்குறிப்பு எதுவும் எழுதுமுன் விசாரணை வாய்ப்புத் தருமாறு கோரும் கடிதத்தை ஒப்படைத்ததற்கான சான்றுடன் கூடிய விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடவே கூடாது. முன்பு வாங்கிய மன்னிப்புக் கடிதத்தில் அவன் செய்யாத எதையாவது ஒப்புக்கொண்டிருக்கிறானா என்பது முக்கியம்; நகல் தர மறுத்தால், உதவி பெறும் பள்ளி என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

ஆசிரியை காவல் நிலையம் சென்றால் என்ன செய்வது என்ற கவலையும் உங்களுக்கு இருக்கக்கூடும். 18 வயது நிறைவடையாதவன் என்றால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். முடிந்துபோன வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடுவதை அதன் 74ஆவது பிரிவு தடுக்கிறது. ஆயினும், கல்லூரி விண்ணப்பத்தில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வி இருந்தால் உண்மையையே எழுதச் சொல்லுங்கள். பழைய தவறு இடத்தைப் பறிக்காமல் போகலாம். பொய்யான உறுதிமொழியோ, சேர்ந்த பிறகும் சேர்க்கையை ரத்து செய்யப் போதுமான காரணமாகிவிடும்.