பிராண்டு பெவிலியனில் மிக்ஸ்டு ரியாலிட்டி வைத்துக் கதை சொன்னால் எடுபடுமா?

எடுபடும். ஆனால் ஹெட்செட்டை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் கதையைத் தேடினால் எடுபடாது. மிக்ஸ்டு ரியாலிட்டி என்பது, நிஜ இடத்தோடு கணினி உருவாக்கும் காட்சியைக் கலந்து காட்டுவது; பெரும்பாலும் தலையில் மாட்டும் ஹெட்செட் வழியாக. கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடும் தொழிலில் இருக்கிறேன். பெரும்பாலான கிளையன்ட்கள் முதலில் கேட்பது "எத்தனை ஹெட்செட் வைக்கலாம்?" என்றுதான்.

இந்தப் பேச்சு வந்தாலே நான் சொல்லும் உதாரணம், 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் இருந்த பெப்சி பெவிலியன். பில்லி க்ளூவர் என்ற பொறியாளரின் ஈ.ஏ.டி. (எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஆர்ட் அண்ட் டெக்னாலஜி) அமைப்பில் கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஃபுஜிகோ நகாயா என்ற ஜப்பானியக் கலைஞர் வெறும் தண்ணீரைப் பனிமூட்டமாக்கி, கட்டடத்தையே அதில் மறைத்தார். உள்ளே மைலார் என்ற பளபளக்கும் பிளாஸ்டிக் படலத்தால் ஆன பிரம்மாண்டமான கோளக் கண்ணாடி. அண்ணாந்து பார்த்தால் உங்கள் உருவமே தலைகீழாக அந்தரத்தில் தொங்கும். கையில் ஒரு சின்னக் கருவி கொடுப்பார்கள், காதில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். புல்தரையில் நின்றால் வாத்தும் தவளையும் கத்தும். டைல்ஸ் தரைக்கு வந்தால் குதிரைக் குளம்படி, கண்ணாடி நொறுங்கும் சத்தம். தரைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்கள் செய்த வேலை அது. கண்ணில் எதையும் மாட்டாமல், நிஜத் தரையையும் இல்லாத உலகத்தையும் ஒட்டிவிட்டார்கள். எங்கே நடக்கிறீர்களோ அதுதான் உங்கள் கதை.

ஆனால் அதில் பெப்சிக்கு என்ன வேலை? அதுதான் ஓட்டை. பட்ஜெட் தகராறு முற்றி, திறந்த கொஞ்ச நாளிலேயே நிறுவனம் பெவிலியனைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

பிராண்டையும் கதையையும் சரியாகக் கோத்தது, 1939 நியூயார்க் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த ஃபியூச்சுராமா. நகரும் நாற்காலியில் உட்கார்ந்து, 1960-இன் அமெரிக்கா எப்படி இருக்கும் என்று மாதிரி உருவில் மேலிருந்து பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு நாற்சந்தி வரும். நாற்காலியை விட்டு இறங்கி வெளியே வந்தால் அதே நாற்சந்தி, முழு அளவில், அவர்கள் கார்களோடு! பொம்மையாகப் பார்த்த தெருவில் நீங்களே நிற்கிறீர்கள். இதைவிடக் கச்சிதமான விற்பனைப் பேச்சு எனக்குத் தெரியாது.

சரி, இன்றைக்கு வருவோம். 20 ஹெட்செட், 6 நிமிடக் கதை, துடைத்து மாட்டிவிட 4 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 120 பேர்தான். கண்ணாடி போட்டவர் வந்தால் இன்னும் இழுக்கும். ஒரே கருவியை நம்பிக் கதை கட்டுவதும் ஆபத்து. ஹோலோலென்ஸ் 2 என்ற தன் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டின் தயாரிப்பையே மைக்ரோசாஃப்ட் 2024-இல் நிறுத்திவிட்டது.

என்னைக் கேட்டால், உங்கள் நிஜப் பொருளை, இன்ஜினோ தறியோ, நடுவில் வையுங்கள். அதைத் தொட்டால்தான் கதை நகர வேண்டும். ஒலியில் தாராளமாகச் செலவழியுங்கள், ஹெட்செட்டைக் கதையின் ஒரு கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியிருப்பவர் பார்ப்பதை ஒரு பெரிய திரையில் வெளியேயும் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிவது, யாரோ ஒருவர் காற்றில் கையை வீசிக்கொண்டிருப்பது மட்டும்தான்.