அப்பாவின் ஜீப்புக்குத் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. மண்டபத்தில் விசைப்படகு இறால் வாங்கி விற்கிறேன், வயது 44. மீன்பிடித் தடைக்காலம் போக ஆண்டுக்குப் பத்து மாதம் வருமானம், மாதம் சுமார் 60,000 ரூபாய். வீட்டுச் செலவு 38,000. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமான அப்பாவின் 1994 மாடல் மகிந்திரா எம்.எம். 540 ஃபோர் வீல் டிரைவ் ஜீப் உச்சிப்புளியில் எங்கள் பனந்தோப்புக் கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. முடிந்து 14 மாதம் ஆகிறது. முழுவதும் சரிசெய்ய 3,80,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கையில் 80,000 இருக்கிறது. மனைவியின் நகையை வைத்து 3 லட்சம் வாங்கலாமா? சனி, ஞாயிறு சுற்றுலாப் பயணிகளை ஏற்றினால் வட்டி கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். இப்படியே 1,75,000-க்குக் கேட்கிறார்கள், விற்று வங்கியில் போடு என்கிறார் அக்கா வீட்டு மச்சான். அம்மாவுக்கு விற்க மனமில்லை. எனக்கும்தான்.

பதில்: விற்காதீர்கள். நகையையும் வைக்காதீர்கள்.

மச்சான் சொல்லும் வழியை முதலில் பார்ப்போம். 1,75,000 ரூபாயை ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 11,375 ரூபாய் கிடைக்கும். மாதத்துக்கு ஆயிரம்கூட வராது. அதனால் உங்கள் குடும்பத்தின் நிலைமை எந்த வகையிலும் மாறப்போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சை லேசாகவும் விட்டுவிடாதீர்கள், அதற்குள் உங்கள் அக்காவின் பங்கு இருக்கிறது. வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அம்மா, அக்கா, நீங்கள் என்று மூன்று வாரிசுகள். கேட்ட விலையை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 58,000 சொச்சம். ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய் இதை நேரடியாகப் பேசிவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் எத்தனை தவணையில் தருவீர்கள் என்று சொல்லுங்கள். வாரிசு சான்றிதழும் மற்றவர்களின் சம்மதமும் இல்லாமல் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறாது. மூன்று லட்சம் போட்டுப் பளபளவென்று நிறுத்திய பிறகு இந்தப் பேச்சு வந்தால் உறவு கெடும். அப்படிக் கெட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நகைக் கடன். 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். அசல் அப்படியே நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, உங்களுக்கும் வருமானம் இல்லை. வட்டிக்கு அந்தத் தடைக்காலம் கிடையாது. மகள் கல்லூரியில் சேரும் நேரமும் ஜூன்தான். அவசரத்துக்கு இருக்கும் ஒரே பிடிமானமான நகை அப்போது அடகுக் கடையில் இருக்கக் கூடாது.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்ற அனுமதி இல்லை. காப்பீட்டுப் பத்திரத்திலேயே வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்று எழுதியிருக்கும். ஜீப் கவிழ்ந்து ஒருவருக்கு ஏதாவது ஆனால் தீர்ப்பாயம் சொல்லும் நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழும், தோப்பும் வீடும்கூடப் போகலாம். இன்னொன்றும் இருக்கிறது. தனுஷ்கோடி மணலில் வேனும் ஜீப்பும் ஆள் ஏற்றிப் பிழைத்த காலம் வேறு. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். 2025-ல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பூநாரை இரை தேடும் சேற்றிலும் ஆமை முட்டையிடும் மணலிலும் டயர் ஏறக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

சரி, அப்படியானால் பணத்துக்கு என்ன வழி? 60,000-ல் 38,000 போக மாதம் 22,000 மிச்சம். தடைக்காலம் இரண்டு மாதத்துக்கு 76,000 வேண்டும், அதற்காக மாதம் 8,000 எடுத்து வையுங்கள். மகள் படிப்புக்கு 6,000. மீதி 8,000-ல் 2,000 மருந்து, கல்யாணம், காதுகுத்து என்று போய்விடும். 6,000 ரூபாய் ஜீப்புக்கு. இதற்கென்று வேறொரு வங்கியில் தனிக் கணக்கு தொடங்குங்கள், கையிலிருக்கும் 80,000-ஐ அதில் போடுங்கள். பத்து மாதத்துக்கு 60,000 சேரும். கையிலிருக்கும் அந்த 80,000 போக, ஜீப்புக்கு ஒரு ஆண்டில் ஆகக்கூடிய செலவின் எல்லை அதுதான். அந்தக் கணக்கில் பணம் இல்லாத மாதத்தில் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

மெக்கானிக் கொடுத்த பட்டியலை நீங்கள் இணைத்திருந்தீர்கள். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், டிங்கரிங் 1,30,000. எஞ்சின் 95,000. பெயிண்ட் 55,000. டயர், பேட்டரி 45,000. பிரேக், ஒயரிங் 30,000. சீட், மேல்துணி, மற்றவை 25,000. நியாயமான பட்டியல்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தாக வேண்டும் என்று யார் சொன்னது? வண்டி முதலில் ஆர்டிஓ சோதனையில் தேற வேண்டும். அதற்குப் பிரேக்கும் விளக்கும் டயரும் உறுதியான சேஸிஸும் போதும். பெயிண்ட் கடைசி.

15 ஆண்டு ஆனாலே காயலாங்கடைதான் என்று ஊரில் சொல்வார்கள். நம் மாநிலத்தில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் பதிவை நீட்டிக்கலாம். ஆனால் கட்டணம் ஏறிவிட்டது: 20 ஆண்டு கடந்த காருக்கும் ஜீப்புக்கும் 2025 ஆகஸ்டில் 5,000-லிருந்து 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 தனி. உங்களுக்கு இதுவரை 7,000 ஆகிவிட்டது. எம்.எம். 540-ன் பெஜோ எஞ்சின் 2,112 சிசி. 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கான மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் நிர்ணயித்தபடி, 7,897 ரூபாய். வரியோடு 9,318. வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆண்டுதோறும் இதற்கு ஒரு பத்தாயிரம் ஒதுங்க வேண்டும்.

எட்டு மாதம் பொறுத்தால் 48,000 சேர்ந்து, கையிலிருப்பதோடு 1,28,000 ஆகும். பிரேக், ஒயரிங் 30,000, டயர், பேட்டரி 45,000, சேஸிஸில் அவசரமான ஒட்டுக்கு 20,000. மீதி 33,000-ல் பதிவுக் கட்டணம், அதற்குள் 11,000 ஆகியிருக்கும் தாமதக் கட்டணம், காப்பீடு, பசுமை வரி, பெயர் மாற்றம் எல்லாம் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. தாமதக் கட்டணம் ஏறுகிறதே என்று பதற வேண்டாம். அது மாதம் 500, நகைக் கடன் வட்டி மாதம் 3,000.

இனி சேஸிஸ். உங்கள் பணம் மிஞ்சுவதும் கரைவதும் இந்த இரும்பில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வண்டியைத் தூக்கி மரக்கட்டையில் நிறுத்திவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் படுங்கள். முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று கோயில் மணிபோல் பேசும். துரு தின்ற இடம் ‘டப்’ என்று அமுங்கும். அங்கே ஸ்குரு டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள், உள்ளே போனால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பின் சக்கர ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடம், பின் கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் மூலைகள் ஆகியவற்றை விடவே கூடாது. அப்பா காலத்து மணல் அந்த மூலைகளில் இன்னும் ஈரமாக அடைந்திருக்கும், உப்பு மணல் லேசில் காயாது. வட்டங்களை எண்ணிய பிறகுதான் சேஸிஸ் செலவு உங்களுக்கே தெரியும். மெக்கானிக் சொன்ன தொகையில் பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம்.

அதே நாளில் சேஸிஸ் எண்ணைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒயர் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, காகிதம் வைத்துப் பென்சிலால் உரசி அச்சு எடுங்கள், போட்டோவும் எடுங்கள். பிறகு கிரீஸ் தடவி மூடுங்கள். ஆர்டிஓ ஆபீஸில் அந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும். துரு அதைத் தின்றுவிட்டாலோ, வெல்டர் தெரியாமல் கிரைண்டர் ஓட்டிவிட்டாலோ மொத்த வண்டியும் காகிதமில்லாத இரும்பாகிவிடும். அந்த நான்கு அங்குலத்தின் மேல் யார் கையும் படக் கூடாது என்று வெல்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கழுவும் தண்ணீரும் செலவுக் கணக்கில் வரும். நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பத்துக் குடம் இருந்தால் அடிப்பாகத்துக்குப் போதும். கொட்டகைக் கூரையின் மழைநீரை ஒரு சிண்டெக்ஸ் தொட்டியில் பிடித்து வைத்தால் ஜீப்புக்கென்று தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடிப்பாகத்தில் எண்ணெய் பூசுங்கள். பிரேக் டிரம் பக்கம் மட்டும் எண்ணெய் போகக் கூடாது.

எஞ்சினுக்கு 95,000 என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷன் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். டீசலைத் தெளிக்கும் நாசிலும் பம்பும் சர்வீஸ் செய்தாலே நின்றுபோன பழைய டீசல் எஞ்சின் பல நேரம் எழுந்துவிடும். முன் ஆக்சில், பின் ஆக்சில், இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் ஆயிலையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலும் சீலும் மாற்றச் சில ஆயிரம் ஆகும், விட்டுவிட்டால் பல்சக்கரம் போகும், அதற்கு மதுரைக்கு அலைய வேண்டியிருக்கும்.

பட்டறைக்கு மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை என் பழைய ஜிப்ஸிக்கு ஒரு பட்டறையில் முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பதினோரு மாதம் நடந்தேன். திரும்பி வந்தபோது நல்ல ஸ்டெப்னி டயர் அதில் இல்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பேசுங்கள். பிரேக் முடிந்ததும் ஓட்டிப் பார்த்துப் பணம், பிறகு அடுத்தது. பொருளை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுங்கள், பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். தடைக்காலத்தில் உங்களுக்கு நேரம் இருக்கும், ஆனால் வெல்டர்களும் பெயிண்டர்களும் கரையேற்றிய படகுகளில் இருப்பார்கள். அவர்களுக்கான வேலையை ஐப்பசி மழைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். கழற்றுவது, தேய்ப்பது, கிரீஸ் அடிப்பது போன்ற உங்கள் கையால் ஆகிற வேலையைத் தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்த பிறகு ஆண்டுக்கு 60,000-ல் காப்பீட்டுக்குப் பத்து, பராமரிப்புக்குப் பதினைந்து போனால் 35,000 மிஞ்சும். இந்த வேகத்தில் டிங்கரிங்கும் பெயிண்டும் முடியப் பல ஆண்டு ஆகும். ஆகட்டும், யாருக்கு அவசரம்? பழைய வண்டி வைத்திருப்பதில் பாதி சுகம் அந்த வேலையில்தான். போட்ட பணம் விற்பனையில் திரும்பும் என்று மட்டும் எண்ணாதீர்கள், இதைச் சொத்துக் கணக்கில் எழுதவே வேண்டாம்.

ஓட்டுவதற்கு உங்கள் சொந்தப் பனந்தோப்பு மணலே இருக்கிறது. டயர் காற்றைப் பதினெட்டு பி.எஸ்.ஐ.-க்கு இறக்கி, ஃபோர் வீலுக்கான குட்டைக் கம்பியைப் போட்டு மாதம் ஒருமுறை நான்கு சக்கரத்தையும் இழுக்க விடுங்கள், உள்ளே ஆயில் சுற்றும், கம்பி இறுகாது. தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள், திருப்பத்தில் ஆக்சிலை முறுக்கும். கருவேல முள் புது டயரையும் விடாது, இரண்டு டியூப் கூடுதலாக வைத்திருங்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையில் அரிச்சல்முனை போய் வாருங்கள், டீசல் செலவை அந்தத் தனிக் கணக்கிலிருந்தே எடுக்கலாம்.

அக்காவிடம் பேசிவிட்டு, சேஸிஸைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பின் கிராஸ் மெம்பரைத் தாண்டி முன்பக்கமும் சாக்பீஸ் வட்டம் விழுந்திருந்தால், அந்த 20,000 போதாது, எட்டு மாதக் கணக்கை மறுபடி போட வேண்டும்.