பலமான வால்வு ஸ்பிரிங் பொருத்துவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வண்டியில் இருப்பது கம்பெனி கேம் ஷாஃப்ட்தான். ஸ்பிரிங்கை மட்டும் பலமானதாக மாற்றினால் இழுவை கூடுமா?

கூடாது தம்பி. கேம் லோப்பின் (கேம் ஷாஃப்ட்டில் வால்வைத் திறக்கும் மேடு) முனை தாண்டியதும் டேப்பெட்டும் (லோப் தள்ளும் பாகம்) வால்வும் லோப்பை விட்டு விலகாமல் கூடவே இறங்க வேண்டும். ஸ்பிரிங்கின் முக்கிய வேலை அதுதான். வேகம் ஏற ஏற இந்தப் பாகங்களை அடக்க ஸ்பிரிங்கால் முடியாமல் போகிறது. வால்வு லோப்பின் பிடி விட்டு மிதக்கிறது, அல்லது சீட்டில் (வால்வு மூடி உட்காரும் வளையம்) விழுந்து துள்ளுகிறது. இக்னிஷனும் பெட்ரோலும் சரியாக இருந்தும் குறிப்பிட்ட ஆர்.பி.எம். தாண்டியதும் இழுவை சட்டென்று செத்துப்போனால் சந்தேகம் இங்கே வரலாம். அந்த அறிகுறி இல்லாதபோது கூடுதல் பலம் வீண். லோப்பும் ராக்கரும் (லோப்பின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) சீக்கிரம் தேயும்.

கேள்வி: சார், புது கேமுக்காக வாங்கிய ஸ்பிரிங் அட்டையில் "45 மி.மீ.யில் 40 கிலோ, மி.மீ.க்கு 5 கிலோ, முழுதாக அமுங்கினால் 31.5 மி.மீ." என்று போட்டிருக்கிறது. இதை வைத்து என்ன பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் எண், பொருத்திய உயரம். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் உட்காரும் தளத்திலிருந்து ரீட்டெய்னரின் (ஸ்பிரிங்கின் மேல் மூடி) அடிப்பக்கம் வரை உள்ள தூரம் அது. வால்வு, ரீட்டெய்னர், அதை வால்வுத் தண்டோடு பிடிக்கும் லாக் மூன்றையும் ஸ்பிரிங் இல்லாமல் மாட்டி, ரீட்டெய்னரை மேலே இழுத்துப் பிடித்து, ஹைட் மைக்ரோமீட்டரால் அளக்கவும். ஒரு வால்வை அளந்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. சீட் வெட்டிய ஹெட்டில் வால்வு உள்ளே இறங்கி தண்டு மேலே ஏறியிருக்கும். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு அளவு வரும்.

46.5 வந்தது என்று வையுங்கள். 1.5 மி.மீ. தளர்வு, அதாவது 7.5 கிலோ போயிற்று. சீட்டில் கிடைப்பது 32.5 கிலோதான். பலமான ஸ்பிரிங் போட்டும் வால்வு மிதக்கிறது என்பவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஸ்பிரிங்குக்கு அடியில் 1.5 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்தால் 45 வந்துவிடும்.

அடுத்தது லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் தூரம். கேம் லோப்பின் லிஃப்ட்டை ராக்கர் விகிதத்தால் பெருக்க வேண்டும். லோப்பில் 7.3, ராக்கர் 1.5 என்றால் வால்வில் ஏறக்குறைய 11 மி.மீ. அப்போது ஸ்பிரிங் 34 மி.மீ.க்கு அமுங்கும், பலம் 95 கிலோ ஆகும். 34-லிருந்து 31.5 போக 2.5 மி.மீ. மிச்சம். இந்த மிச்சம் 1.5-க்குக் கீழே போகவே கூடாது. "இன்னும் கொஞ்சம் டைட்டாக இருக்கட்டும்" என்று மேலும் 1.5 ஷிம் சொருகினால் மிச்சம் 1 மி.மீ.தான். சுருள்கள் ஒன்றோடொன்று முட்டினால் புஷ்ராடு வளையும், ராக்கர் ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும், லோப் சிதையும்.

முழு லிஃப்ட்டில் ரீட்டெய்னரின் அடிக்கும் வால்வு சீலின் (தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது) தலைக்கும் நடுவிலும் 1.5 மி.மீ. வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இது. இடித்தால் சீல் நொறுங்கி புகை வரும்.

கேள்வி: ஹெட்டை இறக்காமல் மாற்ற முடியுமா அண்ணா?

முடியும். ஆனால் ஸ்பிரிங் தளத்தை வெட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தால் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

அந்த சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் ஏறும் உச்சி) கொண்டுவரவும். வால்வு நழுவினாலும் பிஸ்டன் தலையில் நின்றுவிடும். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் அடாப்டர் மாட்டி 6 முதல் 7 பார் காற்று கொடுக்கவும், அது வால்வுகளைத் தாங்கிப் பிடிக்கும். காற்று கிராங்கைச் சுழற்றிவிடலாம். அதனால் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, கிராங்க் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனரை முதலில் எடுத்துவிடுங்கள். அது சுற்றிவந்து அடித்தால் கை முறியும். காற்று இல்லையென்றால் இரண்டு வால்வும் மூடிய நிலையில், பிஸ்டன் மேலே வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, மெல்லிய நைலான் கயிற்றை பிளக் ஓட்டை வழியாக உள்ளே திணிக்கலாம். நுனி வெளியே இருக்கட்டும். பிறகு கிராங்கைக் கையால் திருப்பினால் கயிறு வால்வுகளைத் தாங்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரெஸர் போடுவதற்கு முன் ரீட்டெய்னர் மேல் பழைய சாக்கெட் வைத்து பிளாஸ்டிக் சுத்தியால் ஒரு தட்டு தட்டுங்கள், ஒட்டிய லாக் விடும். ஆயில் திரும்பும் ஓட்டைகளைத் துணியால் அடைக்காமல் லாக்கைத் தொடவே வேண்டாம். மாட்டும்போது லாக்கின் உள்பக்கம் துளி கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டி நிற்கும்.

கேள்வி: புது வால்வு சீல் போட்டவுடனே ஆயில் கசிகிறது.

தண்டில் உள்ள லாக் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்திருக்கும். தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஆயில் தடவி, அதன் மேல்தான் சீலை இறக்க வேண்டும். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங் சீலை உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பிளாட் டேப்பெட் கேம் (டேப்பெட் உருளை இல்லாமல் லோப்பில் நேரடியாக உரசும் வகை), இரட்டை ஸ்பிரிங். முதல் ஓட்டத்துக்கு ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா சார்?

கட்டாயம் செய்ய வேண்டும். உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெளி ஸ்பிரிங் மட்டும் வைத்து ஓட்டுங்கள். லோப்பிலும் டேப்பெட் அடியிலும் கேம் பேஸ்ட், இன்ஜினில் துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள ஆயில். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம் ஓட வேண்டும். ஐடிலில் லோப்புக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. முழுப் பலத்தோடு ஓட்டினால் அந்த 20 நிமிடத்திலேயே லோப் மழுங்கிவிடலாம். ரோலர் டேப்பெட்டுக்கு இது தேவையில்லை.

கேள்வி: மாட்டிச் சில வாரத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்துவிட்டது. மற்றவை நன்றாக இருக்கின்றன. தரக்குறைவா?

இருக்கலாம். ஆனால் முதலில் உடைந்த முகத்தைப் பாருங்கள். விரிசல் ஒரு சிறு கீறலில் தொடங்கியிருந்தால் இடுக்கியோ வைஸோ கடித்த இடம் அது. கம்பியின் மேற்பரப்பில் விழும் கீறலும் துருப்புள்ளியும் ஸ்பிரிங்குக்கு எமன். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் கூடாது. துடைத்து, ஆயில் தடவி மாட்டுங்கள். கீறல் இல்லாமல் சுருள்களின் பக்கங்கள் பளபளவென்று தேய்ந்திருந்தால் முட்டியிருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் மீதியையும் கழற்றி உயரம் அளக்க வேண்டும்.

கேள்வி: ரீட்டெய்னர் மட்டும் லேசானதாக மாற்றுகிறேன். பழைய லாக்கையே போடலாமா?

கோணம் ஒன்றாக இருந்தால் மட்டும். லாக்குகள் 7 டிகிரியிலும் 10 டிகிரியிலும் வருகின்றன. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். 7 டிகிரி லாக்கை 10 டிகிரி ரீட்டெய்னரில் போட்டால் முழு முகமும் பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் தாங்கும். ஒருநாள் ரீட்டெய்னர் லாக்கைத் தாண்டி மேலே ஏறிவிடும், வால்வு சிலிண்டருக்குள் விழும். லாக்கையும் ரீட்டெய்னரையும் ஜோடியாகவே வாங்குங்கள். மாற்றிய பிறகு பொருத்திய உயரத்தை மறுபடி அளங்கள். ரீட்டெய்னர் மாறினால் அதுவும் மாறும்.