ஒரே ஸ்விட்சில் நான்கு சர்வர், ஒன்றுக்கொன்று தெரியக் கூடாது

ரவுட்டர் ஃபயர்வாலில் தடை போட்டும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசின் நான்கு சர்வர்களும் ஒன்றையொன்று பிங் செய்கின்றன என்கிறீர்கள். செய்யத்தான் செய்யும் அண்ணே, நான்கும் 192.168.1.0/24 என்ற ஒரே சப்நெட்டில் (ஒரே ஐபி முகவரித் தொகுதியில்) இருப்பதால் அந்தப் போக்குவரத்து ரவுட்டரின் ஃபயர்வால் பக்கமே போவதில்லை, ஏஆர்பி (ஒரு ஐபிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் முறை) மூலம் முகவரியைத் தெரிந்துகொண்டு ஸ்விட்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஸ்விட்ச் மேனேஜ்டு வகை (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) என்றால் போர்ட் ஐசொலேஷன், அதாவது போர்ட்டுகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் வசதி, இருக்கிறதா பாருங்கள். சர்வர் போர்ட்டுகளை ஐசொலேட் செய்து, ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள், ஐபி மாற்ற வேண்டியதில்லை.

பினாங்கில் ஓரிடத்தில் இதைச் செய்துவிட்டு நிம்மதியாக தே தாரிக் குடிக்கப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் இரண்டாவது ஸ்விட்சில் இருந்த சர்வருக்கு எல்லாமே தெரிகிறது! இந்தத் தடை பெரும்பாலும் அந்த ஒரு ஸ்விட்சோடு சரி. உங்களிடமும் இரண்டு இருந்தால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு விலேன் (VLAN, ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), தனித்தனி சப்நெட் என்று பிரித்துவிடுங்கள், அப்புறம்தான் நீங்கள் போட்ட ஃபயர்வால் விதிக்கே வேலை வரும்.