கிலோ டன் டி.என்.டி. என்பது எதன் எடை?

கேள்வி: ஹிரோஷிமா அணுகுண்டு '15 கிலோ டன் டி.என்.டி.க்கு நிகரானது' என்று எழுதுகிறார்கள். விண்கல் வெடித்தாலும் இதே கணக்கைச் சொல்கிறார்கள். அந்தக் குண்டுக்குள் அத்தனை டி.என்.டி. இருந்ததா? டி.என்.டி.யும் டைனமைட்டும் ஒன்றுதானா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் வேறு வேறு. ஆல்பிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற டைனமைட், நைட்ரோகிளிசரின் என்னும் திரவத்தை நுண்துளை மண்ணில் ஊறவைத்துச் செய்யப்பட்டது, அதில் டி.என்.டி. கிடையாது. கார்ட்டூன் படங்களில் சிவப்புக் குச்சிகளின் மேல் 'டி.என்.டி.' என்று எழுதிக் காட்டியே இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டார்கள்.

டி.என்.டி. என்பது டிரைநைட்ரோ டொலுயீன் என்பதன் சுருக்கம். ஜெர்மானிய வேதியியலாளர் யூலியஸ் வில்பிராண்ட் 1863இல் இதை முதன்முதலில் தயாரித்தபோது, இது மஞ்சள் சாயமாகத்தான் கருதப்பட்டது. எளிதில் வெடிக்காத பொருள் என்பதால் இதன் வெடிக்கும் தன்மை பல ஆண்டுகள் கவனிக்கப்படவே இல்லை. பிற்காலத்தில் ராணுவங்கள் இதை விரும்பியதற்கும் அந்தச் சாதுவான குணமே காரணம்: சுமார் 80 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், ஆனால் அந்தச் சூட்டில் வெடிக்காது என்பதால், உருக்கிப் பீரங்கிக் குண்டுகளுக்குள் ஊற்ற முடிந்தது. முதல் உலகப் போரின்போது அந்த வேலையைச் செய்த பெண்களின் தோலும் முடியும் மஞ்சளாக மாறின. சிலருக்குக் கல்லீரலும் கெட்டது.

இனி முதல் கேள்வி. ஹிரோஷிமா குண்டின் மொத்த எடையே ஏறத்தாழ 4,400 கிலோதான். அதிலிருந்த யுரேனியத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே பிளவுபட்டது. அப்படியிருக்க, 15 கிலோ டன், அதாவது 15,000 டன், என்பது குண்டின் எடையாக இருக்க வழியே இல்லை. அத்தனை டன் டி.என்.டி.யை வெடித்தால் எவ்வளவு ஆற்றல் வெளிப்படுமோ அவ்வளவு வெளிப்பட்டது என்பதே அதன் பொருள். எனவே இங்கே கிலோ டன் என்பது ஆற்றலின் அலகு. '15,000 டன் எடையுள்ள குண்டு' என்று அச்சில் வருவது பிழை. உண்மையான டி.என்.டி. வெடிக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சூழ்நிலைக்கேற்பச் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆகவே ஒரு கிராமுக்கு 1,000 கலோரி, அதாவது ஒரு கிலோ கலோரி, என்று ஒப்பந்தமாக வரையறுத்துக்கொண்டார்கள். அதன்படி ஒரு டன் என்பது 418.4 கோடி ஜூல்.

அந்த 1,000 கலோரி எவ்வளவு சொற்பம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கிராம் சர்க்கரை உடலில் எரிந்து தரும் ஆற்றல் இதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் சர்க்கரை எரியக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர வேண்டும், அதற்கு நேரமாகும், டி.என்.டி.யின் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், வெடிப்பு அலை நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் அதனூடே பாய்ந்துவிடுகிறது. வெடிபொருளின் வலிமை ஆற்றலின் அளவைவிட அது வெளிப்படும் வேகத்தில்தான் இருக்கிறது.

ஆகவே 'நிகரானது' என்ற சொல் ஆற்றலுக்கு மட்டுமே பொருந்தும். அணுகுண்டின் கதிரியக்கம் அந்த எண்ணில் அடங்காது. வெடிப்பு நிகழ்ந்த உயரத்தையும் அது சொல்லாது. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே வெடித்த விண்கல்லின் ஆற்றல் 400 கிலோ டன்னுக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது, அதாவது ஹிரோஷிமாவைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல். அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்ததால், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெரும்பாலும் உடைந்த சன்னல் கண்ணாடிகளால் காயமடைந்தார்களே தவிர, ஒருவரும் இறக்கவில்லை.