லார்டு லபக்குதாஸ்

கேள்வி: 'பெரிய லார்டு லபக்குதாஸ்' என்று கேலி பேசுகிறோமே, லார்டு என்றால் என்ன பொருள்? 'நாடன்' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: எனக்கு லபக்குதாசைத்தான் பிடித்திருக்கிறது. முதலில் அவரைக் கவனிப்போம்.

பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதன் வாரிசு. ரொட்டிக்குக் காவலன் 'ஹ்லாஃப்வெயார்ட்', சுருங்கி 'ஹ்லாஃபோர்ட்'. இவர்தான் லார்டு. அவர் ரொட்டியைத் தின்று ஊழியம் செய்தவனுக்குப் பெயர் 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்னி. லபக்குகிறவனும் அவனே, தாசனும் அவனே! எஜமானையும் ஆளையும் ஒரே ஆசாமியாக்கியது நம்மூர்க் குசும்பு. கென்ட் அரசர் ஏதெல்பெர்ட் கி.பி. 600 வாக்கில் போட்ட சட்டத்தில் லபக்குதாசுக்கு விலையே இருக்கிறது: சாதாரணக் குடியானவனின் ரொட்டி தின்னியைக் கொன்றால் 6 ஷில்லிங். சுதந்திர மனிதனைக் கொன்றால் 100.

லேடி? 'ஹ்லாஃப்டியே', ரொட்டி பிசைகிறவள். பிசைந்தவளுக்கு ஒரு சொல், பூட்டி வைத்தவனுக்கு ஒரு சொல், தின்றவனுக்கு ஒரு சொல். பிசைந்தவள் சாப்பிட்டாளா என்பதற்குத்தான் சொல்லைக் காணோம்.

இனி உங்கள் நண்பர். திரிபு வேட்டைக்காரர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய பகை உண்டு. இன்றைய உச்சரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு தமிழில் ஜோடி தேடக்கூடாது. கிடைக்கிற மிகப் பழைய வடிவத்திலிருந்து படிப்படியாக இறங்கி வரவேண்டும். 'ல', 'ந', 'ர' ஒலிகளுக்கு முன்னால் நின்ற 'ஹ்' ஆங்கிலத்தில் உதிர்ந்தது: ஹ்லூட் லவுட் ஆனது, ஹ்னுட்டு நட் ஆனது, ஹ்ரிங் ரிங் ஆனது. உயிரெழுத்துகளுக்கு நடுவே சிக்கிய 'ஃப்' 'வ்' ஒலி பெற்று லாவெர்ட், லோவெர்ட் என்றாகி, பிறகு 'வ்'வும் கரைந்து லார்ட். நாடன் இதில் எந்த நூற்றாண்டில் ஏறினார்?

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று நிஜமாகவே ஆங்கிலத்துக்குப் போனவை இருக்க, இந்த இல்லாத உறவு எதற்கு? சுற்றுவழியில் ஒரு சொந்தம் வேண்டுமென்றால் லேடியிடம் கேளுங்கள். அவள் பெயரின் கடைசியில் இருக்கும் 'டியே'வும், பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ'வும், 'டெய்ரி'யின் தலைப்பகுதியும் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் அதே வேர் பூசுவதைக் குறித்து 'தேஹ' என்ற சொல்லைத் தந்தது. அதுதான் நமக்குத் 'தேகம்'. தமிழ் வேர் அல்ல என்பதால் நண்பருக்கு ருசிக்காது.

'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்று எழுதும் அன்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அது 'நியூ'வின் பன்மை, அவ்வளவுதான். இன்னொரு முறை அந்தக் கடிதம் வந்தால் ஸ்டாம்பை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வதாக உத்தேசம்.